துப்பாக்கிக்குச் சுழி பார்த்தவர்

என் வீட்டுக்காரருக்குக் கோழி அறுக்கத் தெரியாது. அறுப்பதைப் பார்க்கவும் முடியாது, கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு எழுபதுகளின் கடைசியில் துப்பாக்கி வாங்கும் ஆசை வந்தது. விதைத்த வயலில் சிறகி வாத்துகள் கூட்டமாக இறங்கி நெல்லைத் தின்கின்றன, சுட்டு விரட்ட வேண்டும் என்றார். சிறகி சும்மா ஒரு சாக்கு. போலகத்தில் என் தம்பியிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்ததுதான் உண்மையான வயிற்றெரிச்சல். விசேஷத்துக்கு யார் போனாலும் அதைத் தோளில் மாட்டி நாலு நடை நடந்து காட்டாமல் என் தம்பி இலை போடமாட்டான். வரிச்சிக்குடிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், துப்பாக்கியை நான்தான் அவனுக்குப் பெற்றுக் கொடுத்ததுபோல.

அந்த வருஷம் எங்கள் உழவு மாட்டு ஜோடியை விற்றிருந்தோம். ஊருக்குள் டிராக்டர் வந்துவிட்டது. வழக்கப்படி மாட்டைத்தான் கொடுத்தார், கயிற்றைக் கொடுக்கவில்லை. வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். பழைய கயிறும் சேர்ந்து போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இரண்டு கயிறும் கொட்டகை ஆணியில் தொங்கின. சும்மாதானே கிடக்கிறது, கிணற்று வாளிக்குக் கட்டலாம் என்று ஒன்றை எடுக்கப் போனேன். "அதுல கைய வெக்காத" என்று ஒரு அதட்டல் போட்டார். எதற்கும் குரல் உயர்த்தாதவர் அன்றைக்கு உயர்த்தினார்.

மாடு விற்ற காசு பெட்டியில் இருந்தது. லைசென்சுக்கு நடையாய் நடந்து அதையும் வாங்கிவிட்டார். காரைக்கால் டவுனில் ஒரு துப்பாக்கி விலைக்கு வருகிறது என்று யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரின் வீடு அது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி, தலை முழுக்க நரைத்த அம்மா, துப்பாக்கியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"அவரு பேருல லைசென்சு. ஒண்ணு வித்துடுங்க, இல்ல ஸ்டேசன்ல ஒப்படைச்சுடுங்கன்னுட்டாங்க. அவரு போயிட்டாரு. புள்ள பிரான்சுல இருக்கான், கடுதாசிகூட இல்ல. இப்ப இதுவும் போவுது. வீடே காலியாவுற மாதிரி இருக்குங்க" என்றார்.

பெல்ஜியத்தில் செய்த பழைய துப்பாக்கி. தம்பியுடையதைப்போல ஒவ்வொரு வேட்டுக்கும் திறந்து தோட்டா மாற்ற வேண்டாமாம். ஒன்று வெடித்ததும் அந்த உதையிலேயே அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளுமாம். இதைக் கேட்டதும் இவர் முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளாமல் மதிப்புப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்தது மாட்டுச் சந்தை ஒன்றுதான். கட்டையைத் தடவினார். தட்டினார். பல் பிடித்துப் பார்ப்பதுபோலக் குழலின் வாயைப் பார்த்தார். தேக்கோ என்னவோ, அந்தக் கட்டையில் வரிவரியாக ஓடிய ரேகையை விரலால் தொட்டுக்கொண்டே போய், "சுழி சுத்தமா இருக்கு" என்று என் காதில் சொன்னார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

விலை படிந்தது. அந்த அம்மா, "சாமிகிட்ட காட்டிட்டு எடுத்தாறேன்" என்று துப்பாக்கியை உள்ளே கொண்டுபோனார். கொஞ்சம் நேரமாயிற்று. திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வயல் வரப்பில் ஊரே நின்றது. இவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, வானத்தைப் பார்த்து அழுத்தினார். சிறகிகள் பறந்தன. அவரும் பறந்தார். எழுந்தபோது சேறு அப்பாத இடம் கண் இரண்டும்தான். துப்பாக்கியின் முன்கட்டையில் ஒரு விரிசல். "அத்தான், அடுத்த தோட்டா ஏறிடுச்சான்னு பாருங்க" என்றான் தம்பி. என் கூடப்பிறந்தவன்தான், ஆனாலும் அன்றைக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

எனக்குக் கோபம் ஆறவில்லை. இதை என்ன விலைக்குப் போகிறதோ தள்ளிவிடலாம் என்று நாகப்பட்டினத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முன்கட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இங்க ஒரு வெண்கல வளையம் இருக்கணுங்க. அதுதான் உதைய வாங்கிக்கிறது. அது இருந்தா மாட்டு ஜோடி விலைக்கே போவும். இல்லாம சுட்டீங்கன்னா கட்டை பொளந்துடும், தோளும் போயிடும். புதுசு கெடைக்காது, இறக்குமதி நின்னுபோச்சு. லேத்துல கடைஞ்சு போட்டாலும் சரியா வராது. வித்தவங்க வீட்டுலயே கேட்டுப் பாருங்க."

அன்றைக்கே காரைக்காலுக்குப் போனோம். பஸ்ஸில் நான் பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். ஏமாற்றிவிட்டீர்களே என்றுதான் ஆரம்பிப்பதாக இருந்தேன். போனதும் அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துக்கொண்டே நிமிர்ந்தால், சாமி படத்துக்குக் கீழே ஒரு வெண்கல வளையம், குங்குமம் வைத்து, மஞ்சள் நூல் சுற்றி உட்கார்ந்திருக்கிறது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"எங்க அப்பா வீட்டுல மாடு வித்தா கயித்தக் குடுக்கமாட்டாங்க. இதுக்குக் கயிறு ஏது? ஞாயித்துக்கெழமையானா அவரு தொடைக்கப் பிரிப்பாரு. பிரிக்கிறப்ப இந்த வளையத்த மட்டும் எங்கையில குடுத்து, பத்திரமா வெச்சிருன்னுவாரு. அதான் இத மட்டும் நிறுத்திக்கிட்டேன். புள்ள வர்ற வரைக்கும் வீட்டுல ஏதாச்சும் தங்கணும்ல." பிறகு சந்தேகம் வந்ததுபோல இவரைப் பார்த்தார். "ஏங்க, அது இல்லாம சுடாதா?"

நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"அருமையா சுடுதும்மா. அது சும்மா அழகுக்கு வெச்சதுதான் போலருக்கு."

சொல்லிக்கொண்டே வலிக்கிற கையாலேயே டம்ளரை வாங்கி வைத்தார். அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மாடு வித்த காசுங்க. ஒரு வார்த்தை கேட்டா அந்தம்மா எடுத்துக் குடுத்திருக்காதா? இனிமே இந்தத் துப்பாக்கிய இரும்பு வெலைக்குக்கூட எவனும் கேக்கமாட்டான். என் தம்பி கேட்டா என்னத்தச் சொல்லுவீங்க?"

"கேட்டா குடுத்திருக்கும்" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். "நம்ம கொட்டாய்ல கயிறு தொங்குதே. மாட்ட வாங்கிட்டுப் போனவன் வந்து, அது இல்லாம மாடு உழமாட்டேங்குதுன்னு கேட்டா, நான் எடுத்துக் குடுத்துருவேன். ஆனா அதுக்கப்புறம் அந்தக் கொட்டாய்க்குள்ள போவமாட்டேன்."

பஸ் வந்தது. துப்பாக்கியை அவரிடமிருந்து வாங்கி வரிச்சிக்குடி வரை என் மடியில் வைத்துக்கொண்டேன். இந்த மனுஷனை இத்தனை நாள் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் துடைத்துப் பரணில் வைத்தார். அதற்குப் பிறகு அதில் தோட்டா போடவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னேன். தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. அன்றைக்கு மட்டும் கேலி எதுவும் பேசாமல் தைலம் தேய்த்துவிட்டேன்.