மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

என் அண்ணன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பால் கொண்டுவருபவர் அவருக்குத் தாமதமானவர். வீட்டுச் சொந்தக்காரர் கோபமானவர். நான் பேசாதவள். அண்ணியை மட்டும் அன்றன்றைய நிலவரம் பார்த்து அழைப்பார்.

ஜெர்மன் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இது. செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் முன்னறைதான் வகுப்பு. வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போக நினைக்கும் நர்ஸ்கள் வருவார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். பலகையைத் துடைக்கத் துடைக்க எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நோயுள்ள பெண் என்று சொல்ல வந்தால், ஜெர்மனில் பெண்ணை விட்டுவிட்டு 'டீ க்ராங்க' என்று நிறுத்திக்கொள்ளலாம். அடைமொழியே ஆளாகிவிடும். எழுதும்போது முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு மரியாதையும் செய்வார்கள். சொல்லின் கடைசியில் வரும் வால் மட்டும் அடைமொழிக்குரிய பழைய வால்தான். ஆணைச் சொல்லும்போது முன்னால் 'டெர்' வந்தால் 'க்ராங்க', 'ஐன்' வந்தால் 'க்ராங்கர்'. அந்த வாலில்தான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள்.

அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஓர் அடைமொழியை எழுதி ஒட்டிவிடுவார். முதல் நாள் யார் எதில் உட்காருகிறார்களோ, படிப்பு முடியும்வரை அதுதான் அவர்கள் பெயர்.

அந்த வருஷம் முதலில் வந்தவள், இரவு வேலை முடித்து நேராக வந்த நர்ஸ். அவள் புருஷன் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் லாரி ஓட்டினான். கைக்குழந்தையை விட்டுப்போனவன், குழந்தை பேச ஆரம்பித்த பிறகும் வந்து பார்க்கவில்லை. வேர்த்து வழிய வந்தவள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள். அது சோம்பல் நாற்காலி. எல்லோருக்கும் கடைசியாக, தலைகூட வாராமல் வந்த இன்னொருத்தி, கதவோரம் மிச்சமிருந்ததில் சாய்ந்தாள். அது சுறுசுறுப்பு.

"சோம்பலானவ சொல்லு" என்பார் அண்ணன். அவள் எழுந்து தப்பில்லாமல் சொல்வாள். "சுறுசுறுப்பானவ?" என்றால், கதவோரத்தில் ஒரு கொட்டாவி முடியும்வரை எல்லோரும் காத்திருப்போம்.

ஒருநாள், நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்பும் ஏஜென்ட் போன் செய்தார். அந்த லாரிக்காரனின் ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு இடம். நன்றாக உழைக்கிற ஒருத்தியை சார்தான் சொல்ல வேண்டும் என்றார். அண்ணன் யோசிக்கவே இல்லை.

"யாரச் சொன்னீங்க?" என்று அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்.

"சுறுசுறுப்பானவளத்தான். வேற யாரச் சொல்றது?"

"அடக்கடவுளே! அவ பாடத்துலயே தூங்குறவ. ஃபேனுக்குக் கீழ இருக்காளே, அவதானே விழுந்து விழுந்து படிக்கிறா?"

"அவளா? அவ சோம்பலானவளாச்சே!"

"அது நீங்க ஒட்டின காகிதம்!"

அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டார். "இத்தன மாசமா வாய் நிறைய அப்படித்தானே கூப்பிட்டேன்? இல்லாததையா கூப்பிடுவேன்?"

இடம் கதவோரத்தவளுக்குப் போன விஷயம் தெரிந்தபோது, மின்விசிறிக்குக் கீழிருந்தவள் அழவில்லை. குடித்து முடித்த டீ டம்ளரை என்னிடம் நீட்டினாள். "மொத நாள் கொஞ்சம் லேட்டா வந்திருக்கணும்க்கா" என்றாள்.

அடுத்த வகுப்புக்கும் பணம் கட்டி, மறுபடியும் முதல் ஆளாக வந்தாள். இந்த முறை காற்று வராத கதவோர நாற்காலிக்கே போனாள். அண்ணன் தடுத்தார். "நீ சோம்பலானவளாச்சே, உன் இடம் அங்க இருக்கு பாரு."

அண்ணி ஈரக் கையோடு வந்தாள். கதவோர நாற்காலியைத் தூக்கி மின்விசிறிக்குக் கீழே போட்டு, அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "இனிமே இவதான் சுறுசுறுப்பானவ. வாய் தவறினீங்கன்னா சாயந்தர டீ கிடையாது."

டீக்காக அண்ணன் வாயைப் பழக்கிக்கொண்டார். சில மாதம் கழித்து அதே மருத்துவமனைக்கு ஏஜென்ட் மறுபடியும் ஆள் கேட்டபோது, 'சுறுசுறுப்பானவ' என்று அதே பதிலைத்தான் சொன்னார். அந்த இடம் இவளுக்குக் கிடைத்தது. தன் முறை ஒருபோதும் பொய்க்காது என்று இன்றும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறார்.

இப்போது புருஷன், குழந்தையோடு அவள் அங்கேதான் இருக்கிறாள். தூங்குமூஞ்சிக்காரிதான் அவளுக்கு மேலதிகாரி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, "சார், நான் சோம்பலானவ பேசறேன்" என்பாள். அப்படிச் சொன்னால்தான் அண்ணனுக்கு ஆள் அடையாளம் தெரிகிறது.