இரண்டு குழி, ஒரு பானை

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நெல் கிட்டங்கி. அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளை ஊர்க்காரர்கள் கூடிக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருப்பதால் நானும் ஒரு டூத்பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு உட்கார்கிறேன். ஒவ்வொரு தட்டிலும், ஓடு கிடைத்த குழியின் எண் எழுதிய சீட்டு இருக்கிறது. தட்டு மாறக் கூடாது என்பதுதான் இங்கே முதல் சட்டம்.

எதிரே கோமதியக்கா. வீட்டில் அப்பளம் போடுகிறவர். நான் கழுவிய கறுப்பு ஓட்டை வாங்கி விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பார்க்கிறார். சட்டென்று தன் தட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டின் உடைந்த ஓரங்களையும் சேர்க்கிறார். மயிரிழை இடைவெளி இல்லை!

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"அப்பளம் தேய்க்குத கை சார் இது. கனம் தெரியாதா?"

கிட்டங்கியே எழுந்து ஓடிவருகிறது. வேறு வேறு குழியில் கிடந்த ஒரே பானை! ஒருவர் படம் எடுக்கிறார், இன்னொருவர் நோட்டில் குறிக்கிறார். இரண்டையும் சேர்த்து வைத்தபடியே இன்னும் கொஞ்சம் பார்க்க எனக்கு ஆசை. அக்கா இரண்டையும் பிரித்து அதனதன் தட்டில் வைத்துவிடுகிறார்.

"மூணாவது துண்டும் இங்கனதான் கெடக்கும். பைய தேய்ங்க சார்."

வெளியே என் பஸ் ஹார்ன் அடிக்கிறது. போகட்டும். அந்த மூன்றாவது துண்டு என் தட்டில்தான் இருக்கும்!