விட்டுக்கொடுத்த பிளைண்டுகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், குளிர்கால ஞாயிறுகளில், அமெரிக்காவுக்கு வடக்கே, இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நாங்கள் ஆறு பேர் போக்கர் ஆடுவோம். ஆறு பேரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கூரையை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பனி அதன் பாதி வரை ஏறியிருக்கும். மீதிப் பாதி வழியே வரும் வெளிச்சம் நீலமாக இருக்கும். ஏதோ குளத்தின் அடியில் உட்கார்ந்து சீட்டாடுவதைப் போலத் தோன்றும். மூன்றரை மணிக்கே அது மங்கத் தொடங்கும். அந்த வெளிச்சம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. எதிரே இருந்தவர்களின் முகங்கள் வருவதில்லை.

வீட்டுக்காரர் புள்ளியியல் பேராசிரியர். அமெரிக்காவில் படித்தபோது கற்றுவந்த ஆட்டத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. ஒரு தடவைக்குப் பந்தயத்தை இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு, யாரும் ஒரே கையில் மூழ்கிவிட முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது பிளைண்டு. சீட்டு போடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர், சீட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பணம் வைத்தாக வேண்டும். முதல் ஆள் ஐந்து சென்ட், அடுத்தவர் பத்து.

எனக்கு வலப்பக்கம் இரண்டாவது நாற்காலியில் ஒரு டாக்டர். அதனால் நான் பத்து வைக்கும்போதெல்லாம் சீட்டு போடுகிறவர் அவராகவே இருப்பார். மற்றவர்கள் ஒதுங்கியதும் இருபதாக ஏற்றுவார். நான் வைத்த பத்தை விட்டுக்கொடுத்துச் சீட்டைக் கவிழ்த்துவிடுவேன்.

"உங்க காசு உண்டியல் காசு சார்," என்பார் அள்ளிக்கொண்டே. "போட்டா போட்டதுதான். திரும்பக் கேக்கவே மாட்டீங்க."

ஒரு வருடம் ஜனவரியில் என் மனைவி, ஏப்ரலில் ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கல்யாணமாகி வந்து அவளுக்கு இது முதல் குளிர்காலம். பாலத்துக்கு அக்கரையில், பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருவில் பகல் முழுக்க ஓர் ஆள் நடமாட்டம் இருக்காது. பேச்சு மறந்துவிடும் போலிருக்கிறது என்றாள். எனக்கு அவள் போகக்கூடாது என்றுதான் இருந்தது. ஆனால் "சரி" என்றேன். மறுநாளே விமான டிக்கெட் விலை விசாரித்து, லண்டன் வழிக்கும் பாரிஸ் வழிக்கும் என்ன வித்தியாசம் என்று அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று முதல் அவள் ஒரு நாளில் பேசும் வாக்கியங்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணுவது பெரிய வேலையாக இல்லை.

வீட்டில் தனியாக விட மனமில்லாமல் ஒரு ஞாயிறு அவளையும் அழைத்துப் போனேன். மாடியில் மற்றப் பெண்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, இறங்கிவந்து என் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள். டாக்டர் ஏற்றினார். என்னிடம் ராஜாவும் ஒன்பதும். கவிழ்த்தேன்.

"அது ராஜாதானே? ஏன் கவுத்தீங்க?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நல்லா கேளுங்கம்மா," என்றார் டாக்டர். "சீட்டு தெரியுமா உங்களுக்கு?"

"ரம்மி தெரியும். அதுல ஆடாம ஸ்கூட் விட்டாலும் பாயின்ட் ஏறும்."

பேராசிரியர் மேசையைத் தட்டினார். "அதேதான்! நடுவுல முப்பத்தஞ்சு சென்ட் கெடக்கு. சார் இன்னும் பத்து போட்டா போதும். நாலு தடவைல ஒரு தடவை ஜெயிச்சாலே நஷ்டமில்லை."

"தெரியும்," என்றேன். தெரியும்தான். ஆனால் பிளைண்டைக் காப்பாற்ற நிற்பவன், அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும், எதிராளியின் மனம் தெரியாமலே முதலில் பேச வேண்டும். எனக்கு அதுதான் முடியவில்லை.

அடுத்த முறை டாக்டர் ஏற்றியபோது என்னிடம் எட்டும் ஒன்பதும். பின்னால் அவள் மூச்சு கேட்டது. பத்து சென்டை வைத்தேன். நடுவில் ஒரு ஒன்பது விழுந்து என்னுடையதோடு ஜோடி சேர்ந்தது. நானே முதலில் பந்தயம் வைத்தேன். டாக்டரும் அவ்வளவே வைத்தார், அடுத்த சீட்டில் ஏற்றினார். காது சுட்டது. விடவில்லை. கடைசியில் அவர் இரண்டு ராணிகளைத் திருப்பினார், என் ஒன்பதுகளை விடப் பெரிய ஜோடி.

"வாங்க சார், வாங்க! இன்னைக்குத்தான் ஆட வந்திருக்கீங்க."

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நாட்டில் அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

திரும்பும்போது பாலத்தின் மேல் மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. ஆறு உறைந்து கிடந்தது. பனிக்கட்டி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கார் ஓடுவதாகவே தோன்றவில்லை, பஞ்சுக்குள் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"தோத்துட்டீங்க," என்றாள்.

"ஆமாம். தொண்ணூறு சென்ட்."

"கணக்கு கேக்கலை." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்தாள். "நான் போறேன்னு சொன்னப்பவும் அந்த ராஜாவைக் கவுத்த மாதிரிதான் கவுத்தீங்க. பாரிஸ் வழியா போனா மிச்சம்னு வேற சொன்னீங்க."

பாலம் முடிந்தது.

"போகாதே," என்றேன்.

"ஏன்?"

காரணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தவன்தான். ஒன்றுகூட வரவில்லை. "நீ இல்லேன்னா என்னால முடியாது. அவ்வளவுதான்."

அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"ஜெயிச்சுட்டதா நெனச்சுக்காதீங்க," என்றாள். "மொதல்ல மூணு சீட்டு விழட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்."

"எந்த மூணு சீட்டு?"

"மார்ச், ஏப்ரல், மே."

வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் நான் எஞ்சினை அணைக்கவில்லை. அவளும் இறங்கவில்லை.