பெரட்டுக்கு வராத பட்டன்கள்

கம்பியூட்டரில் கோப்பைத் திறந்ததும் திரை கொஞ்ச நேரம் வெறுமையாகக் கிடக்கும். பிறகு மேலே ஒரு பட்டை வந்து உட்காரும். அதில் பெரிய எழுத்தில் பேர், கொழுந்து, கூட்டு, அச்சு என்று பட்டன்கள். உடனே பக்கத்து நாற்காலியிலிருந்து அக்காவின் குரல் கேட்கும்: "எல்லாம் பெரட்டுக்கு வந்துருச்சு தங்கச்சி." தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. கம்பியூட்டர் மந்தமாக இருக்கும் நாட்களில், "பிந்தி வந்தா இன்னைக்கு பேரு கெடையாது" என்று பட்டன்களை அதட்டுவார். பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. றக்வானைக்கு மேலே, மழை விட்டால் பனி, பனி விட்டால் மழை என்றிருந்த அந்தத் தோட்ட ஆபீசில் சிரிப்பதற்கு வேறு காரணம் அதிகம் இருக்கவில்லை.

அக்கா எனக்கு உறவில்லை, கூட வேலை செய்தவர். செக்ரோல் பார்க்கும் கிளாக்கர். யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கொழுந்து எடுத்தார்கள் என்று பதிவது அவர் வேலை. தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்த ஆபீசில் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். அவருடைய அம்மா கொழுந்தெடுத்த மலை ஜன்னல் வழியாகத் தெரியும். அந்தக் கதிரையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்க வேண்டியதுதானே!

பாரிசவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இடது கையோடு வேலைக்குத் திரும்பினார். ஒரு மெனுவைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, அதற்குள் தேடுவதற்குள் விரல் நடுங்கி எல்லாம் மூடிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. பெரிய கிளாக்கர் நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதருக்கும் மாதக் கடைசி வரும். "வேல நடக்கலன்னா தொரைக்கு நான் என்னம்மா சொல்றது?" என்று என்னிடம்தான் கேட்டார். அக்காவிடம் கேட்க அவருக்குத் தைரியமில்லை.

நான் கொடகவெலயில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போனவள். அக்காவுக்குத் தேவையான வேலைகளை எல்லாம் பெரிய பட்டன்களாக்கி ஒரே பட்டையில் வைத்தேன். பெரிய கிளாக்கர் முகம் சுளித்தார். அதே கம்பியூட்டரில்தான் அவரும் வேலை செய்தார். "கண்ட கண்ட பட்டன் எல்லாம் என் கண்ணுல படக்கூடாது" என்றார். அதனால் ஒரு சின்ன மெக்ரோ, கம்பியூட்டர் தானாகச் செய்யும் சில வரிக் கட்டளை, எழுதினேன். அக்காவின் கோப்பு திறந்தால் பட்டை தானாக வரும், மூடினால் தானாகப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சில வரிகளின் தயவில் அக்கா வருடக்கணக்கில் கிளாக்கராகவே இருந்தார்.

பிறகு கொழும்பிலுள்ள கம்பெனியிலிருந்து புதுக் கம்பியூட்டர்கள் வந்தன. கோப்பு திறந்தது, பட்டை வரவில்லை. மெக்ரோவெல்லாம் இனி ஓடாது என்று கொழும்பிலேயே பூட்டிவிட்டிருந்தார்கள். போன் போட்டேன். எடுத்தவரிடம் அக்காவின் கையைப் பற்றி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். "பே மிஸ், பொலிசி எக்க" என்றார். முடியாதாம், அதுதான் விதியாம். குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோபப்பட ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை.

அக்கா கோப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "யாருமே வரலியே. சத்தம் போட்டுக் கூப்பிடு தங்கச்சி" என்றார். வழக்கமாக நான் சிரித்திருப்பேன்.

அவரைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. ஒரு கையால் குழந்தையைத் தூக்க முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. சில மாதங்களில் தானாகவே நின்றுகொண்டார். நானும் இரத்தினபுரிக்கு வேலை மாறிப் போனேன்.

இந்த வருட மழையில் அவரைப் பார்க்கப் போனேன். வழியில் பழைய ஆபீசுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அக்கா தன் மகனுடைய லயத்து வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சு குழறியது. நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை காத்திருந்தவர் போலக் கேட்டார்: "என் கதிரையில இப்ப யாரு? சின்னப் புள்ளையா? நல்லா செய்யுதா?"

நல்ல கை உள்ள ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருப்பாள் என்று இத்தனை காலமும் நினைத்து மனதைத் தேற்றியிருக்கிறார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

"யாருமில்லக்கா. இப்பல்லாம் மலையிலேயே கொழுந்துக் கணக்கப் போன்ல அடிச்சு நேரா கொழும்புக்கு அனுப்பிடுறாங்க. கதிர சும்மாதான் கெடக்கு."

"சும்மாவா கெடக்கு?"

தலையாட்டினேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அப்ப நான் இருந்திருக்கலாமே தங்கச்சி."