கல்லூரிச் சாலையில் ஒரு கட்டுக் கொள்ளு

கொல்லிமலையில் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் அதை ஓட்டுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். ஏற்றத்தில் மிதிக்க முடியாது, இறக்கத்தில் நிறுத்த முடியாது. அத்தைக்குப் பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த இலவச சைக்கிளும் மரவள்ளி மூட்டை சுமந்தே கேரியர் வளைந்துபோனது. எங்கள் பக்கத்தில் உருப்படியாகச் சமமாக இருந்த இடம் ஒன்றுதான்: கல்லூரிக் கட்டிடத்தைச் சுற்றிப் போட்டிருந்த தார்ச்சாலை. ஏறாமல் இறங்காமல் புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வந்தது பத்து வயதில் எனக்குப் பெரிய அதிசயம். மலையில் வேறெந்த ரோடும் அப்படிச் செய்யாது.

அறுவடைக் காலத்தில் அந்தச் சாலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாராவது கொள்ளோ சாமையோ கொண்டுவந்து பரப்பிவிடுவார்கள். கல்லூரி பஸ்ஸும் வாத்தியார்களின் பைக்கும் ஏறி ஏறி அடித்துக் கொடுத்துவிடும். கூலி கிடையாது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. தாத்தா இல்லாததால் அவளுக்கு எல்லாம் அப்பாதான். கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளை ஐப்பசியோடு நிறுத்திவிட்டார். சேந்தமங்கலத்தில் ஒரு நல்ல சம்பந்தம் வந்திருந்தது. படித்தவரை போதும் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அத்தை எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசுகிறவள் நான் ஒருத்திதான், என்னை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

மார்கழியில் எனக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், சைக்கிள் கற்றுத் தருகிறேன் என்று அத்தை காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்பா தடுக்கவில்லை. கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது பனி கட்டிடத்தையே விழுங்கியிருக்கும். என் குரங்குக் குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டு, இரண்டு சுற்று பிடித்து ஓடி வருவாள். பிறகு ஆளைக் காணாது. லைப்ரரியில் புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பாள். ஐந்து நாள் திருப்பிக் கொடுத்தாள். கையில் ஒரு புத்தகமும் இருந்ததில்லை, பேனா மட்டும் இருந்தது. அது ஐந்தாவது செமஸ்டர் பரீட்சை என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு விழாமல் ஓட்டுவதிலேயே என் கவனமெல்லாம் போனது.

கடைசி நாள் அவள் எனக்கு ஒரு பந்தயம் வைத்தாள். "நான் வர்ற வரைக்கும் கால ஊனாம ஓட்டோணும் கண்ணு. ஊனுனா சைக்கிளு மறுக்கா மூட்ட தூக்கத்தான் போவும்."

ஊன்றினேன், இரண்டு முறை. பனியில் யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவதாக இருந்தது. பதினொன்றுக்கெல்லாம் வந்துவிடுகிறேன் என்று அத்தை சொல்லியிருந்தாள். பரீட்சை முடிவது ஒரு மணிக்கு. பதினொன்றரைக்கு, தலையில் ஒரு கட்டுக் கொள்ளுச் செடியோடு அப்பா வந்து நின்றார்.

"அத்த எங்க சாமி?"

நிறுத்தினால் சைக்கிள் போய்விடும். ஒரு சுற்று வந்து பதில் சொன்னேன். "உள்ளீங்கப்பா."

அடுத்த சுற்றில், "உள்ள என்ன பண்ணுது?"

அதற்கடுத்த சுற்றில், "பொஸ்தகம் திருப்பிக் குடுக்குதாமா."

"இத்தன நேரமாவா?"

யோசிக்க ஒரு சுற்று அதிகமாக எடுத்துக்கொண்டேன். "நெறைய பொஸ்தகமாட்ட இருக்குதுங்கப்பா."

அதற்குள் அவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போயிருந்தார். வெளிச்சத்தை மறைக்காமல் சுவரோரமாக ஒதுங்கி நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்று சுற்று வரும்வரை அப்படியே நின்றார். கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. திரும்பி வந்து கட்டை அவிழ்த்து, கொள்ளைச் சாலையில் பரப்பினார்.

"இது மேல ஓட்டு."

ஓட்டினேன். காய்ந்த காய்கள் டயருக்கடியில் படபடவென்று வெடித்தன. அடுத்த சுற்று வரும்போது அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கொள்ளு ரோட்டுல கெடக்குதுங்க. மழ மூட்டங் கட்டிருச்சு. அள்ளாம வர முடியாதுங்க. நீங்க நாலு மணி பஸ்ஸுக்கு வாங்க."

எங்கள் மலையில் இதற்கு மறுபேச்சு கிடையாது. ரோட்டில் தானியம் கிடக்கிறவனுக்காகக் கலெக்டர்கூடக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பனி எப்போதோ கலைந்திருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஒரு கட்டுக் கொள்ளை அள்ள ஐந்து நிமிடம்கூட ஆகாது. விவசாயியாக இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"மழயே வராதுங்கப்பா," என்று கத்தினேன்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நீ பேசாம ஓட்டு சாமி."

ஒரு மணிக்கு மணி அடித்தது. எல்லோருக்கும் பின்னால் அத்தை வெளியே வந்தாள். படியில் நின்றுவிட்டாள்.

"அண்ணா..."

"மொறம் எடுத்தாரல," என்றார் அப்பா அவளைப் பார்க்காமல். "கையிலயே அள்ளு."

இரண்டு பேரும் குனிந்து அள்ளினார்கள். அத்தை அள்ளியதில் பாதி திரும்பச் சாலையிலேயே கொட்டியது. இவளுக்கு அள்ளக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது. எத்தனை சுற்று ஓட்டினேன் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மாவும் இரண்டு பெரியவர்களும் வந்தார்கள். அத்தை டீ கொடுத்தபோது அந்த அம்மாள் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தார். "கண்ணு, இதென்ன மை?"

அத்தை கையை இழுத்துக்கொண்டாள். அப்பாதான் பேசினார். "பரிச்சைங்க. இன்னிக்குத்தான் முடிஞ்சுது. சித்தரையில இன்னொன்னு பாக்கி. அதையும் எழுதட்டுங்க. மத்ததப் பொறவு பேசிக்கலாம்."

டீ ரொம்பச் சூடாக இருந்திருக்க வேண்டும், யாரும் குடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து அவர்களுக்காகவே வாங்கி வந்த மிக்சர் தட்டு நிறைய அப்படியே இருந்தது. நான் மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல மனிதர்கள் என்று பட்டது.

"அடுத்த வாரமும் வருவாங்களாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா டம்ளர்களைப் பொறுக்கினாள். அத்தை சுவரைப் பார்த்து நின்றாள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. யார் காதிலும் விழவில்லை போல என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன்.