கிராமசபையில் என் ஆட்சேபம்

எங்கள் வார்டு மெம்பர் ஒரு நாள் வேலிக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே கூப்பிட்டாள். "சாரே, ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு சபை உண்டு. கண்டிப்பா வரணும் கேட்டியளா."

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மிஷன் சபையைச் சேர்ந்தது. சபை என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை வேட்டி, வேதப்புத்தகம். "மூணு மணிக்கு என்ன சபை? அடக்கமா? யாரு போனது?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கிராமசபையாக்கும் சாரே. கோரம் தெகையணும்லா. நீங்க சும்மா இருக்க ஆளுதானே, வந்து ஒரு ஒப்புப் போட்டா ஒரு தலை ஆச்சு."

வார்டில் இத்தனை பேர் வந்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கைக்குத்தான் கோரம் என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் உண்டு. ஆளில்லாத கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். என்னைக் கடித்தது அதுவல்ல. 'சும்மா இருக்க ஆளு' என்றாளே, அது.

நான் கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் ஜாப் டைப்பிங் கடை நடத்தியவன். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் மனு அடிப்பேன். செங்கல், அதியன்னூர் போன்ற சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பாடம் நடத்தாமல் ஊருக்கே சார் ஆனது அப்படித்தான். கண்ணில் புரை விழுந்தது, கம்ப்யூட்டர் வந்தது, கடையை மூடினேன். கடை மூடிய அதே வருஷம் மகளின் முதல் பிரசவத்துக்கென்று என் மனைவி பெங்களூருக்கு வண்டி ஏறினாள்.

மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிள்ளை தவழட்டும் என்றாள். நடக்கட்டும் என்றாள். அது நடக்கத் தொடங்கியபோது இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். எல்லாம் நியாயம்தான். நான்கு வருஷம் ஓடிவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தவள் ஐந்தாம் நாள் திரும்பிப் போனாள். என்னையும் வந்து இருக்கச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவது மாடியில் எனக்கு மூச்சு முட்டியது. பத்து நாளில் ஓடி வந்துவிட்டேன்.

இந்த நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவளிடம் 'நீ வா' என்று சொன்னதில்லை. கட்டினவன் தனியாகக் கிடக்கிறான் என்று அவளுக்கே தெரிய வேண்டாமா என்ற வீராப்பு. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போன் செய்வாள். "சாப்பிட்டியளா?" என்பாள். "ஆங்" என்பேன். "என்ன கறி?" என்பாள். சொல்லுவேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. போனை வைத்தபிறகு எனக்குப் பேச ஆயிரம் இருக்கும். தனிமை எனக்குப் பொறுக்கவில்லை, அதைச் சொல்ல வாயும் வரவில்லை. இதுதான் உண்மை.

ஒற்றை ஆளுக்குச் சமைத்தவர்களுக்குத் தெரியும், அரிசி அளப்பதே ஒரு வேதனை. ஒரு பிடி போட்டால் பானையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பிடி போட்டால் மறுநாளும் அதையே தின்ன வேண்டும். பனச்சமூடு சந்தையில் கால் கிலோ சாளை கேட்டால் மீன்காரி, "பூனைக்கா சாரே?" என்பாள். "ஆமா, ஒரு வயசான பூனை" என்பேன். அவள் சிரிப்பாள். பாதி நாள் அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் பஸ் ஏறிப் போவேன்.

அதனால் சபைக்கு மூன்று மணி என்றால் இரண்டரைக்கே போய்விட்டேன். இஸ்திரி போட்ட சட்டை வேறு. எல்.பி. ஸ்கூல் ஹாலில் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முட்டி நாடிக்கு வரும். ரெஜிஸ்டரில் ஒப்புப் போட்டபோது என் நம்பர் மூன்று. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். யாரோ என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மனுஷனின் தோள் என் தோளில் பட்டு எத்தனை மாதம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். நகரவில்லை.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மைக்குக்கு மலையாளம், மைக்கை விட்டு விலகினால் தமிழ். மெம்பர் மைக்கில் ஆட்சி மொழியில் திட்டங்களை முழங்குவாள். மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "எக்கா, அந்த பிள்ளைய கொஞ்சம் வெளிய கொண்டு போ" என்பாள். கோழிக்குஞ்சு யார் யாருக்கு, தென்னங்கன்று யார் யாருக்கு, எந்த முக்கில் விளக்கு எரியவில்லை என்று ஒவ்வொன்றாக வந்தது. கோழிக்குஞ்சுக்கு ஒரு சண்டையும் நடந்தது. நான் ரசித்துக்கொண்டிருந்தேன். சினிமாவுக்குப் போன மாதிரி இருந்தது.

அடுத்த லிஸ்ட்டை எடுத்தாள். ஒற்றைக்குத் தாமசிக்கும் வயோதிகர்கள். துணையில்லாமல் வீட்டில் இருக்கும் வயதானவர்களை வாரம் ஒரு தடவை ஒரு தொண்டர் போய்ப் பார்ப்பார், பிரஷர் நோக்குவார், மருந்து வாங்கித் தருவார், இதுதான் திட்டம். நல்ல திட்டம் என்று தலையாட்டினேன். பாவம், இந்த ஊரில் இப்படிக் கிடக்கிறவர்கள் யார் யாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வீட்டுப் பெயரோடு சேர்த்து வாசித்தாள். நான்காவது பெயர் என்னுடையது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் காது அடைத்தது.

"ஆர்க்கெங்கிலும் ஆட்சேபம் உண்டோ?" என்று மெம்பர் கேட்டாள். வழக்கமாகக் கேட்பது; யாரும் பதில் சொல்வதில்லை. நான் எழுந்தேன். முட்டியில் பெஞ்சு இடித்தது.

"ஆட்சேபம் உண்டு" என்று மலையாளத்தில்தான் ஆரம்பித்தேன். முப்பது வருஷம் மனு அடித்தவன் அல்லவா? இந்தப் பட்டியலில் என் பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, உடனே நீக்க வேண்டும் என்றேன். அடுத்த வாக்கியத்தில் கோபம் ஏறி மலையாளம் போய்விட்டது. "எனக்கு பெண்டாட்டி உண்டு! உயிரோட உண்டு! யாரு எழுதினது இத?"

எழுதியது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அயல்கூட்டத்தில், அதாவது பெண்கள் சங்கத்தில் இருக்கிறாள். சர்வேக்கு வீடு வீடாகப் போனது அவள்தான். சுவரோரம் நின்றிருந்தவள் முகம் வெளிறிவிட்டது. "மாமா, நான் வந்து கேட்டேன்லா? மாமி என்னைக்கு வரும்னு கேட்டதுக்கு, 'தெரியாது, நீயே போய் கேளு'ன்னு நீங்கதானே ஏசினிய? ஆறு மாசத்துக்கு மேல ஆளு இல்லங்கி இப்படித்தான் போடணும்னு அவிய சொன்னாவ."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நுணலும் தன் வாயால் கெடும். என் வீட்டுக் கதவைத் திறந்து எல்லாரும் உள்ளே பார்ப்பது போல எனக்குக் கூசியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் தெருச் சரிவுக்குக் கீழே குடியிருக்கும், அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக் கை கறுத்த அம்மா. அவள் மகன் கல்ஃபுக்குப் போய் எத்தனையோ வருஷம். ரேஷன் கார்டில் அவன் பெயர் இருப்பதால் அவளை லிஸ்ட்டில் சேர்க்கவில்லை. "பிள்ளே, சாருக்கு வேண்டாமெங்கி அந்த எடத்துல எனக்க பேர எழுது. எனக்க மொவன் கார்டுல மட்டும்தான் உண்டு. வந்து பாரு, வீட்டுல ஒரு சட்டைகூட இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நானும்.

மெம்பர் மைக்கைப் பொத்திக்கொண்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "சாரே, வெட்டிரலாம். ஆனா மினிட்ஸில எழுதணும். மாமி என்னைக்கு வருவாங்க?"

"அடுத்த மாசம் பத்தாம் தேதி" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தத் தேதி என்று எனக்குத் தெரியாது. யோசிக்காமல் வந்தது. பஞ்சாயத்திலிருந்து வந்திருந்த கிளார்க் அதை அப்படியே எழுதினார். பெயர் நீக்கப்பட்டது. நான் உட்கார்ந்தேன். முந்திரி அம்மாவின் விஷயம் பரிசீலனைக்கு என்று போயிற்று. சாயாவும் பழம்பொரியும் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. சொன்னது பொய்; ஆனால் இன்று கூப்பிட்டால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லையே. இன்று கூப்பிட்டுவிட வேண்டும். நான்கு வருஷத்து வீராப்பு போதும். சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ரோட்டில் நடந்தபடியே, வாய்விட்டு: நீ வா. எதிரே சைக்கிளில் வந்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

அன்று அவள் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே போன் செய்தேன். பதறிவிட்டாள். "என்ன, ஒடம்புக்கு என்ன?" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்று சபைக் கதையைச் சொன்னேன், வேடிக்கைக் கதை மாதிரி. கோழிக்குஞ்சுச் சண்டையிலிருந்து தொடங்கி, முந்திரி அம்மா சொன்னதுவரை. அவள் நன்றாகச் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் சொன்னேன். "பத்தாம் தேதி நீ வாறேன்னு சொல்லியிருக்கேன். வந்துரு."

சிரிப்பு நின்றது. பின்னால் பேத்தி எதற்கோ அழுதுகொண்டிருந்தாள்.

"யாருக்கு வேண்டி வரணும்?" என்று கேட்டாள். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "பஞ்சாயத்துக்கா?"

எனக்கு வேண்டி. இரண்டே சொல். மூன்று மொழியிலும் எனக்கு அது தெரியும். அடுத்தவர்களுக்காக எத்தனை ஆயிரம் மனுவில் கெஞ்சியிருப்பேன், தயவுசெய்து, கருணைகூர்ந்து என்று! அன்று என் வாயிலிருந்து வந்தது இது: "மினிட்ஸில எழுதியாச்சுல்லா."

அவள் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற அதே குரலில் சொன்னாள்.

"பேர வெட்டச் சொல்லியிருக்காண்டாம். வாரத்துக்கு ஒரு ஆளாவது வந்து பாத்திருக்கும்லா. எனக்கும் இங்க ஒரு சமாதானம் இருந்திருக்கும்."

"ஆங்" என்றேன்.

"சாப்பிட்டியளா?" என்றாள்.

பத்தாம் தேதி வந்தது, போனது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டு நான் ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மறுவாரம் நான் வேலியோரம் போய், "மக்கா, அந்த லிஸ்ட்டுல திரும்பச் சேக்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே, "ஒரு அபேட்ச எழுதித் தாங்க மாமா. ஆனா அடுத்த சபையில வச்சுத்தான் பாஸாக்க முடியும்" என்றாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். அரை மணி கழித்து ஒரு பாத்திரத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

மனுவை நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் அரை நாள் நின்றேன். 'மனைவி மகளுடன் வசிக்கிறார். திரும்பி வர உத்தேசமில்லை' என்று கடைசியில் எழுதினேன். உத்தேசமில்லை என்பது அவள் சொன்னதல்ல, என் மொழிபெயர்ப்பு.

மூன்று மாதம் கழித்து அடுத்த சபை கூடியது. அதே ஹால், அதே பெஞ்சு. இந்தத் தடவை மெம்பர் என்னைக் கோரத்துக்குக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். முந்திரி அம்மா பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். புதிதாகச் சேர்க்க இரண்டு பெயர். அவளுடையதும் என்னுடையதும். மெம்பர் வேகமாக வாசித்தாள், என் பெயரை இன்னும் வேகமாக. ஆட்சேபம் உண்டோ என்று கேட்டபோது பேப்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆட்சேபம் இல்லாத எதையும் எங்கள் ஊரில் கைதட்டித்தான் பாஸாக்குவார்கள். ஹால் முழுக்கத் தட்டினார்கள். முந்திரி அம்மா தன் கறுத்த கையால் பலமாகத் தட்டினாள். நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து முழங்கையால் இடித்தாள். "தட்டும் சாரே, நம்ம பேரு வந்தாச்சுல்லா."

நானும் தட்டினேன்.