கம்பத்து உச்சியில் ஒரு வீரன்

போன வருடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கூத்தில் வீரன் வேடம் எனக்கு. சிவனிடம் வரம் கேட்டு, உயரமான கம்பத்தில் ஏறித் தவம் செய்ய வேண்டும். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்ததும் கண்களை மூடிக் கம்பத்தை இறுகக் கட்டிக்கொண்டேன்.

பாட்டு முடிந்தும் நான் இறங்காததால், சாமி வந்துவிட்டதென்று சனம் கும்பிடத் தொடங்கியது. பிரதேச சபைத் தேர்தலில் நின்றவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தத் தம்பி மாதிரி நானும் ஒங்களுக்காக அசையாம நிப்பேங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது.

"என்னங்க, பயமா இருக்கா?" என்று கீழிருந்து கத்தினாள்.

"ஆமா, ஏணிய கொண்டாரச் சொல்லு!"

எழுந்த சிரிப்பில், வரம் கொடுக்க வந்த சிவனே வசனத்தை மறந்துவிட்டார். இந்த வருடம் தரையில் உட்கார்ந்து மத்தளம் அடிக்கிறேன்.